போதிதர்மருக்கு உதை கற்றுக்கொடுத்தது யார்?

ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மொட்டை மாடியில் தற்காப்புக் கலை வகுப்பு ஒன்று நடக்கிறது. கராத்தே, குங்ஃபூ, சிலம்பம் மூன்றும் உண்டு. கீழே கேட்டில் ஒரு ஃபிளெக்ஸ். ‘குங்ஃபூவின் தந்தை காஞ்சித் தமிழன் போதிதர்மர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே படம். உற்றுப் பார்த்தால் அது போதிதர்மர் இல்லை. நடிகர் சூர்யா!

ஃபிளெக்ஸ் கட்டியவரை நான் குறை சொல்ல மாட்டேன். போதிதர்மரின் நிஜ முகம் யாருக்குத் தெரியும்? சீனத்து ஓவியங்களில் உருண்டு பிதுங்கிய கண்ணும், புதர் தாடியும், காதில் வளையமுமாக இருக்கிறார். அதுவும் அவர் போய்ச் சேர்ந்து பல நூறு வருஷம் கழித்து வரைந்ததுதான். முகத்தை விடுங்கள். அந்த வாசகம் எங்கிருந்து வந்தது? கராத்தே வகுப்புகளில் வாய்வழியாகச் சொல்லி வந்த கதைதான். அதற்கு முத்திரை குத்தி, பட்டி தொட்டியெல்லாம் வீட்டுக்கு வீடு விநியோகித்தது 2011 தீபாவளிக்கு வந்த ‘7ஆம் அறிவு’. ஏ.ஆர்.முருகதாஸ் படம்.

கோவையில் ஒரு தியேட்டரில்தான் பார்த்தேன். முதல் இருபது நிமிஷம் நிஜமாகவே பிரமாதம். பல்லவ இளவரசர் காடு மலை தாண்டிச் சீனா போகிறார். கொள்ளைநோயைக் குணப்படுத்துகிறார். கொள்ளையர்களைப் புரட்டி எடுக்கிறார். வைத்தியமும் சண்டையும் கற்றுக்கொடுக்கிறார். ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்றதும், அவர் உடல் தங்கள் மண்ணிலேயே இருந்தால் நோய் அண்டாது என்று நம்பி கிராமத்தார் விஷம் வைக்கிறார்கள். தெரிந்தே சாப்பிடுகிறார். விசில் பறந்தது. பிறகு இந்தக் காலத்துக் கதைக்கு வந்து, ‘இப்பேர்ப்பட்டவனை மறந்துவிட்டீர்களே தமிழர்களே’ என்று படம் நம் காதைத் திருகியது. தியேட்டரே தலை குனிந்தது.

நான் பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லாத செலவை ஏற்காதே என்று முதல் வருஷத்திலேயே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். போதிதர்மர் கணக்கையும் கொஞ்சம் தணிக்கை செய்துவிடுவோமே.

அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு கி.பி. 547 வாக்கில் யாங் சுவான்ஷி என்பவர் எழுதிய லுவோயாங் நகரத்து மடாலயங்கள் பற்றிய நூலில் வருகிறது. யோங்னிங் கோயில் கோபுரத்தைப் பார்த்து ஒரு வெளிநாட்டுத் துறவி வாய் பிளந்து நின்றார், தனக்கு நூற்றைம்பது வயது என்றார், பேர் போதிதர்மர் என்கிறது. அவர் எந்த ஊர்? பாரசீகம் என்று போட்டிருக்கிறது! அதே நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின் என்பவரின் குறிப்புதான் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. 645 வாக்கில் தாவோசுவான் எழுதிய துறவியர் வரலாறு தென்னிந்தியப் பிராமணக் குலம் என்கிறது. சில நூற்றாண்டுகள் தள்ளி எழுதப்பட்ட நூலில் அவர் பிறந்த நாட்டுக்கு ஒரு பெயர் வருகிறது. அதைக் காஞ்சி என்று வாசிப்பவர்கள் உண்டு. வாசிக்கட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் ‘பல்லவர்’ என்ற சொல் இந்த ஆரம்பகாலக் கணக்கு எதிலும் இல்லை.

விஷக் கதைக்கு எட்டாம் நூற்றாண்டுச் சீன நூலில் ஒரு வேர் இருக்கிறது. அங்கே விஷம் வைப்பது கிராமத்து மக்கள் இல்லை, அவர் மேல் பொறாமை கொண்ட சக பிக்குகள். மடத்துப் பொறாமையை எடுத்துவிட்டு, ஊரையே கொலைகார ஊராக்கியது திரைக்கதை.

சரி, சண்டை? ஒரு வரி கிடையாது. யாங் சுவான்ஷியிடம் இல்லை, தான்லினிடம் இல்லை, தாவோசுவானிடமும் இல்லை. ஷாவோலின் மடம் 495 வாக்கில் கட்டப்பட்டதே பாத்துவோ என்ற இன்னொரு இந்தியத் துறவிக்காக. 621இல் அந்த மடத்துத் துறவிகள், பின்னாளில் தாங் பேரரசராகப் போகிற லீ ஷிமின் பக்கம் நின்று போரிட்டது நிஜம். பதின்மூன்று பேரின் பெயர் கல்லில் வெட்டியிருக்கிறது. அங்கேயும் போதிதர்மர் கற்றுக்கொடுத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதைவிடச் சுவாரஸ்யம், ஷாவோலின் துறவிகள் தாங்களே சொல்லி வந்த கதை. தங்கள் கம்பு வித்தைக்கு மூலவர் என்று அவர்கள் கும்பிட்டது கின்னரனை. நம் புராணத்துக் கின்னரன்தான், பௌத்தத்தோடு சீனா போனவர். மடத்துச் சமையற்கட்டில் எடுபிடியாக இருந்த ஒருவன், கொள்ளையர் வந்தபோது அடுப்பு கிளறும் கோலையே தூக்கிக்கொண்டு ஓடி விரட்டினான், அவன்தான் கின்னரனின் அவதாரம் என்பது ஐதீகம். சமையல்காரன், அடுப்புக் கோல்! இதைவிட நல்ல ஹீரோ அறிமுகக் காட்சி எந்த டைரக்டருக்குக் கிடைக்கும்?

போதிதர்மர் உள்ளே வருவது ‘யீஜின் ஜிங்’ என்ற உடற்பயிற்சி நூல் வழியாக. 1624 தேதியிட்டது. அதற்கு ஒரு பழைய தளபதி முன்னுரை எழுதியதாகப் போட்டிருக்கிறார்கள். அந்த முன்னுரையிலேயே கட்டுக்கதைப் பாத்திரம் ஒன்று நிஜ மனிதராக நடமாடுகிறது. அதாவது வவுச்சரே போலி. அதன் பிறகும் இந்தக் கதை பரவலானது 1904-07இல் பத்திரிகையில் தொடராக வந்த ஒரு சீன நாவலால்தான். தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் 1930இலேயே இதையெல்லாம் பிரித்து மேய்ந்துவிட்டார். அவர் தமிழர் விரோதி இல்லை. சொந்த நாட்டின் பெருமைக் கதையைத்தான் உடைத்தார்.

அப்படியானால் போதிதர்மர் பேரில் வரவு வைக்க எதுவுமே இல்லையா? இருக்கிறது. நம்முடைய ‘தியானம்’ சீனாவில் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆனதே, அந்த வழியின் முதல் ஆசான் என்று இரண்டு நாடுகளும் அவரைத்தான் வணங்குகின்றன. அவரைப் பற்றிய பெரிய ஐதீகமே அவர் ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்பதுதான். அசையாததற்காகப் பேர் வாங்கிய ஒரு மனுஷனைப் பிடித்து, கயிறு கட்டி, அந்தரத்தில் உதைக்க விட்டிருக்கிறோம்.

‘சினிமாதானே சார், விடுங்க’ என்பார்கள். விடலாம். ஆனால் அந்தப் படம் தன்னைச் சினிமா என்று சொல்லிக்கொள்ளவில்லையே, வரலாறு என்றல்லவா சொன்னது! கற்பனைக் கதையில் வரும் கற்பனை ஆளை மறந்ததற்கு யாராவது என்னைத் திட்டுவார்களா? மறந்தாய் என்று குற்றம் சாட்டுகிறவர், மறக்கப்பட்டது நடந்தது என்று நிரூபிக்கக் கடமைப்பட்டவர்.

அந்தக் கைதட்டலை நான் கேவலமாகப் பேசவில்லை. 2011ஐ ஞாபகப்படுத்திப் பாருங்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டே வருஷம். ஒவ்வொரு தமிழனுக்கும் உள்ளே ஒரு கையாலாகாத வலி. படத்திலும் அதைத் தொட்டு வசனம் உண்டு. அடிபட்டவனுக்கு ‘நீ லேசுப்பட்டவன் இல்லடா’ என்று யாராவது சொன்னால் தேவலாம் போலிருக்கும். அந்த நேரத்தில் கலப்பட மருந்து விற்றார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

மருந்தின் பக்கவிளைவு 2020 மார்ச்சில் தெரிந்தது. கொரோனா வந்ததும் ‘7ஆம் அறிவு’ துண்டுகள் வாட்ஸ்அப்பில் பறந்தன. சீனாக்காரன் கிருமியை அனுப்புவான் என்று படத்திலேயே சொன்னார்கள் பார், என்றார்கள். வில்லன் டாங் லீயாக நடித்தவர் வியட்நாமிய வம்சாவளி என்பதை யார் கவனித்தார்கள்? அதே மாதம் நாட்டின் பல ஊர்களில் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளை ‘கொரோனா’ என்று கூப்பிட்டுத் துரத்தினார்கள். மத்திய உள்துறையே மாநிலங்களுக்கு எழுதித் தடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. படம்தான் இதைச் செய்தது என்று சொன்னால் அது அபாண்டம். கையில் எடுக்கத் தோதாக ஒரு கல் கிடந்தது, அவ்வளவு சொல்லலாம். இதே டி.பி. ரோட்டு ஹோட்டல்களில் நமக்குத் தோசை கொண்டு வந்து வைக்கும் மணிப்பூர்ப் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு, போதிதர்மர் எங்க ஆள் என்று பெருமை பேசுவது கொஞ்சம் கூச்சமாக இல்லையா?

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை. குங்ஃபூவின் சொந்த வீட்டிலேயே முற்றிப் போயிருக்கிறது.

2006இல் ஜெட் லீ நடித்து ‘ஃபியர்லெஸ்’ வந்தது. ஹூ யுவான்ஜியா என்ற நிஜ ஆசானின் கதை. ஷாங்காயில் ஜிங்வு சங்கம் ஆரம்பமானபோது அதன் முகமாக இருந்தவர், 1910இல் இறந்தவர். படத்தில் பழிக்குப் பழியாக அவர் தாயையும் ஒரே மகளையும் கொன்றுவிடுகிறார்கள். வம்சமே அற்றுப்போகிறது. படம் வெளியானதும் ஒரு முதியவர் கோர்ட்டுக்குப் போனார். ஹூ யுவான்ஜியாவின் பேரன்! படத்தின்படி பிறந்திருக்கவே முடியாத மனிதர். ‘எங்கள் தாத்தாவை அடிதடிக்காரர் ஆக்கி, எங்களையும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்’ என்பதுதான் அவர் வழக்கின் சாரம். கோர்ட்டில் எடுபடவில்லை.

அடுத்தது ‘இப் மேன்’. புரூஸ் லீயின் குரு. டோனி யென் நடித்த நான்கு படங்களும் நம்மூர்ப் பையன்களுக்கு மனப்பாடம். 2008 படத்தில் ஒரே நேரத்தில் பத்து கராத்தேக்காரர்களை அடிக்கிறார், பிறகு ஜப்பானியத் தளபதியை அடிக்கிறார். 2010இல் வெள்ளைக்காரக் குத்துச்சண்டைக்காரரை. 2015இல் மைக் டைசனோடு மோதல். 2019இல் அமெரிக்காவுக்கே போய் அடிக்கிறார். தளபதி சண்டையும் இல்லை, அமெரிக்கப் பயணமும் இல்லை. மகன் இப் சுன் உயிரோடு இருந்து ஆலோசனை சொல்லும்போதே இந்தக் கதி.

நிஜ இப் மேன் யார்? 1893இல் ஃபோஷானில் வசதியான வீட்டில் பிறந்தவர். கோமிண்டாங் ஆட்சியில் போலீஸ் வேலை பார்த்தார். கம்யூனிஸ்டுகள் வென்றதும் கையில் காசில்லாமல் ஹாங்காங்குக்கு வந்தார். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதில், பிழைப்புக்காக, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கட்டணம் வாங்கி விங் சுன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எங்கே? ஹோட்டல் தொழிலாளர் சங்கத்தின் கட்டடத்தில். மாணவர்கள், தட்டு எடுக்கிற சர்வர்கள். காசு கட்ட முடியாமல் வருவதும் நிற்பதுமாக இருந்தவர்கள்.

மனைவி? 2015 படத்தில் அவர் புற்றுநோயில் வாடும்போது இப் மேன் பக்கத்திலேயே இருந்து, சண்டையைக்கூட ஒத்திவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு வழியனுப்புகிறார். பார்த்துக் கண்ணீர் விட்டவர்களை எனக்குத் தெரியும். நடந்தது வேறு. 1951 வாக்கில் அந்த அம்மா ஏதோ காகித வேலையாக ஃபோஷானுக்குத் திரும்பினார். எல்லையை மூடிவிட்டார்கள். பஸ்ஸில் போய்வரும் தூரம். அவர் இந்தப் பக்கம், இவர் அந்தப் பக்கம். 1960இல் அந்த அம்மா அங்கேயே இறந்தார். கணவர் போகவில்லை, போக முடியவில்லை.

சொல்லுங்கள், எது பெரிய கதை? எத்தனை பேரை வேண்டுமானாலும் அடிக்கக்கூடிய ஒரு மனுஷன், ஒரு செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாமல் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தான். இதைக் கையில் வைத்துக்கொண்டு மைக் டைசனுக்கு போன் போட்டிருக்கிறார்கள்!

1972 டிசம்பரில் இறப்பதற்குச் சற்று முன்னால், பிள்ளைகள் ஒரு சின்ன கேமராவில் இப் மேன் பயிற்சி செய்வதைப் பிடித்து வைத்தார்கள். இப்போது இணையத்தில் யாரும் பார்க்கலாம். இசை இல்லை, வெளிச்சம் சரியில்லை. ஒல்லியான ஒரு கிழவர், வீட்டில் உடுத்துகிற சாதாரண உடையோடு, மரப் பொம்மையின் கைகளை நிதானமாகத் தட்டித் தடுக்கிறார். நோயாளி என்பது முகத்திலேயே தெரிகிறது. நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் கை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியட்டும், அதற்காக நிற்கிறார். நான்கு படத்தையும் ஒரு தட்டில் வையுங்கள். எனக்கு இந்தச் சில நிமிஷம் போதும்.

என் சண்டை இந்த இடத்தில்தான். ஆசான் என்றால் கற்றுக்கொடுக்கிறவர். தமிழில் நாம் ‘வாத்தியார்’ என்கிறோம், கம்பு சுற்றச் சொல்லித் தருகிறவரும் வாத்தியார்தான். அவர் வாழ்நாளில் தொண்ணூறு சதவீதம் விடிகாலையில் எழுந்து, நேற்றுச் சொன்னதையே இன்றைக்கும் சொல்லி, கால் வைக்கத் தெரியாத பையனின் காலைத் தள்ளி வைப்பதில் போகிறது. சினிமா அந்தத் தொண்ணூறை வெட்டி எறிந்துவிட்டு, நடக்காத ஒரு சண்டையைத் தைத்து ஒட்டுகிறது. எதிரி கட்டாயம் அந்நியனாக இருப்பான். தேசபக்தியில் டிக்கெட் விற்கும்.

மொட்டை மாடி வாத்தியாரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “ஏனுங் சார், படம் பார்த்துப்போட்டு வர்ற பசங்க மொத நாளே எகிறி ஒதைக்கச் சொல்லிக் குடுங்கங்கறாங்க. நேரா நிக்கறதுக்கே ஆறு மாசம் ஆகுமுங்க. ரெண்டாவது மாசம் பாதிப் பேரு வர்றதில்லீங்க” என்றார். மாசக் கட்டணம் அறுநூறு ரூபாய். மழை வந்தால் வகுப்பு கிடையாது. ஃபிளெக்ஸ் வைத்த பிறகு விசாரிக்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அதனால் கழற்ற மாட்டாராம். நானும் கழற்றச் சொல்லவில்லை.

வாத்தியாரை ஒழுங்காகக் காட்டவே முடியாது என்பதில்லை. 2021இல் பா.ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்ததே, பசுபதி செய்த ரங்கன் வாத்தியாரைப் பாருங்கள். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறார். சிஷ்யன் கால் எடுத்து வைப்பதைப் பார்த்தே ஜெயிப்பானா தோற்பானா என்று சொல்கிறார். கட்சிக்காரர், நெருக்கடி நிலையில் ஜெயிலுக்குப் போகிறார். கோபம், பிடிவாதம், பாசம் எல்லாம் இருக்கிறது. கற்பனைப் பாத்திரம்தான். ‘உண்மைக் கதை’ என்று நெற்றியில் ஒட்டிக்கொள்ளாததாலேயே உண்மையாக இருக்க முடிந்தது.

நம்ம ஊருக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. பாப்பநாயக்கன்புதூர் முருகானந்தம் நாப்கின் மெஷின் செய்த கதையை 2018இல் ‘பேட்மேன்’ என்று இந்தியில் எடுத்தார்கள். ஹீரோ பெயர் லக்ஷ்மிகாந்த், ஊர் மத்தியப் பிரதேசம். கோயமுத்தூரைக் காணோமே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் பெயரை மாற்றினார்களே, அந்த நாணயத்தை மதிக்கிறேன். மாற்றப்போகிறாய் என்றால் பெயரையும் மாற்று. பெயரை வைத்துக்கொள்ளப் போகிறாய் என்றால் கணக்கைக் காட்டு.

பெயரையும் வைத்து, கணக்கையும் காட்டி எடுக்க ஆள் வேண்டுமா? காஞ்சிபுரமும் போக வேண்டாம், சீனாவும் போக வேண்டாம். டவுன் பஸ் போதும். ராமநாதபுரத்தில் 1915இல் பிறந்த எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். மில் கூலி, பால் வியாபாரம், சோடா கடை. இதற்கு நடுவில் தேகப்பயிற்சிக் கூடம் வைத்து, பையன்களுக்குப் பஸ்கியும் தண்டாலும் குஸ்தியும் சொல்லிக்கொடுத்தார். ஜெர்மனியில் பிறந்த பயில்வான் சாண்டோவின் பெயர் உலகம் சுற்றி வந்து கோயமுத்தூர்க்காரர் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் வாய்ப்புக்காகக் காத்துக் கிடந்தார். 1947இல் ‘ராஜகுமாரி’யில், முதல் தடவையாகக் கதாநாயகனான எம்.ஜி.ஆரோடு மோதினார். ஒன்பது வருஷம் கழித்து அதே எம்.ஜி.ஆரை வைத்து ‘தாய்க்குப் பின் தாரம்’ எடுத்து, தேவர் பிலிம்ஸ் முதலாளி ஆனார். 1971இல் யானையோடு ‘ஹாத்தி மேரே சாத்தி’யில் ராஜேஷ் கன்னாவை நடிக்க வைத்தார். எங்கள் பேட்டையிலிருந்து லாலி ரோடு வழியாக மேற்கே போனால் வரும் மருதமலைக்கு அவர் செய்த திருப்பணியை அந்தக் காலத்துக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 1978இல் இறந்தார். உடம்பை வளர்க்கக் கற்றுக்கொடுத்த ஒருவர், தமிழ் சினிமாவுக்கே சண்டை போடக் கற்றுக்கொடுத்த கதை. சாட்சிகள் உண்டு, படச்சுருள் உண்டு, கணக்கு உண்டு.

இதைச் சொன்னபோது சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் நண்பர் ஒருவர் கன்னத்தில் கை வைத்து முழுசாகக் கேட்டார். சோடா கடை பிடித்திருந்தது. யானை ரொம்பப் பிடித்திருந்தது.

“எல்லாம் சரிண்ணா. கிளைமாக்ஸ்ல எந்த வெள்ளைக்காரனை அடிக்கிறாரு?” என்றார்.